மாடத்தி போல்டு

ஜூலை 2, புதன்

காலையிலிருந்து சாரல். நடுநடுவே வெயில். கடைக்குள் ஈரம் ஏறி ஃபிளெக்ஸ் ரோல் ஓரமெல்லாம் சுருட்டிக்கொள்கிறது. இசக்கி மெஷினைத் திட்டிக்கொண்டே ஓட்டுகிறார். கடையில் பிரிண்டிங் புருஷன், டிசைன் பெண்டாட்டி. எட்டு வருடமாக இதே பாகப்பிரிவினை. சண்டை இல்லை. சரி, பெரிய சண்டை இல்லை.

இன்று செய்ய வேண்டியவை:
– அச்சன்புதூர் காதுகுத்து பேனர். (மாமன்மார் ஒன்பது பேர். ஒன்பது முகமும் ஒரே அளவில். இல்லாவிட்டால் வெட்டுக்குத்து.)
– துவரம்பருப்பு
– ஙூ

ஙூ முடிந்தது!! இந்த எழுத்தை உலகத்தில் யாரும் எதற்கும் எழுதப் போவதில்லை. ஆனாலும் ஃபாண்ட் என்றால் எல்லாமும் இருந்தாக வேண்டும். போன வருடம் அருவிச் சீசனில் தொடங்கியது, இன்றோடு முழுசு. கம்ப்யூட்டர் பட்டியலில் பெயரோடு வந்து உட்கார்ந்துவிட்டது. மாடத்தி போல்டு.

பின்னால் எடுத்துப் படித்தால் எனக்கே புரிய வேண்டும் என்பதற்காக விவரம்: மாடத்தி என் அக்கா. ஐந்தருவியில் சிப்ஸ் கடை, கூடவே பழம். சீசன் வந்தால் அட்டைப்பெட்டியைக் கிழித்து, தடி மார்க்கரால் எழுதிக் கடை முன்னால் மாட்டுவாள். 'மங்குஸ்தான் வந்தாச்சு.' 'மரச்சீனி சிப்ஸ் சூடு.' 'குரங்கு இருக்கு, பையைப் பிடி.' எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவள். ஆனால் அந்த எழுத்து! ஒவ்வொன்றுக்கும் தொப்பை. மூலை என்பதே கிடையாது, எல்லாம் உருண்டை. ப நன்றாகச் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். ழ காலை நீட்டிப் போட்டிருக்கும். பார்த்தால் சிரிப்பு வரும், சிரித்த கையோடு கால் கிலோ வாங்கத் தோன்றும்.

போன வருடம் அவள் பார்க்காத நேரமாகப் பார்த்து எல்லாப் போர்டையும் போனில் படம் பிடித்து வந்தேன். டேப்லெட்டில் போட்டு ஒவ்வொரு எழுத்தாக மேலேயே வரைந்தேன். அவள் போர்டில் வராத எழுத்துகளை, அவளாக என்னை நினைத்துக்கொண்டு வரைந்தேன். ஙூ அப்படித்தான்.

இசக்கி எட்டிப் பார்த்தார்.

"மதினிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. சர்ப்ரைஸ்."

"சர்ப்ரைஸ் யாருக்கு?"

மெஷின் சத்தத்தில் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

ஜூலை 3, வியாழன்

மேகமூட்டம். மழை இல்லை. பருப்பு வாங்க மறந்துவிட்டேன், ரசம்.

மாடத்தி போல்டுக்கு முதல் போணி! அருணாசலம் அண்ணாச்சி. ஐந்தருவியில் அக்கா இருக்கும் அதே வரிசையில் அவருக்கும் சிப்ஸ் கடை. பழைய போர்டு காற்றில் போய்விட்டதாம். பெயரைப் புது ஃபாண்டில் போட்டு, மஞ்சள் பின்னணியில் சிவப்பு, வெள்ளை ஓரம் கொடுத்துத் திரையில் காட்டினேன். அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"எழுத்தப் பாத்தாலே பசிக்கிம்மா. எங்கன புடிச்ச இத?"

"எங்கக்கா எழுத்து அண்ணாச்சி. பேரப் பாருங்க, மாடத்தி போல்டு."

"நம்ம மாடத்தியா! குண்டு குண்டா அவள மாதிரியேல்லா இருக்கு!"

சிரித்தார். நானும் சிரித்தேன். (இதைக் குறித்து வைக்கிறேன். சிரித்தது தப்போ என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது.)

மாலைக்குள் அதே வரிசையிலிருந்து இரண்டு பேர். "அண்ணாச்சிக்குப் போட்ட மாதிரியே." எங்கள் தொழிலுக்குச் சோறு போடுவது இந்த ஒரு வாக்கியம்தான். தென்காசியில் யாரும் டிசைன் கேட்டு வருவதில்லை. பக்கத்துக் கடைக்குப் போட்டதைக் கேட்டுத்தான் வருகிறார்கள். பெயரை மட்டும் மாற்றி அதே நிறம், அதே ஓரம், அதே எழுத்து. வித்தியாசமாகப் போட்டுக் கொடுத்தால் ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

ஜூலை 5, சனி

நல்ல சாரல். துணி காயவில்லை. வீடு முழுக்கக் கொடி.

மாடத்தி போல்டில் இதுவரை போட்டவை:
– ஐந்தருவி சிப்ஸ் கடைகள், ஒன்பது
– அங்கேயே பழக்கடை, நான்கு
– எண்ணெய் மசாஜ். (இந்த எழுத்தில் பார்த்தால் எழுத்துக்கே எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளப்பு. அழகு.)
– டியூஷன் சென்டர். வேண்டாம் என்றேன், கணக்குப் பாடத்துக்கு ஒட்டாது என்று. கேட்கவில்லை.
– கண்ணீர் அஞ்சலி, ஒன்று

கடைசியானது கதை. பேரன் வந்திருந்தான், கண் வீங்கி. சுவரில் மாட்டியிருந்த சாம்பிளைக் காட்டி இதே எழுத்து வேண்டும் என்றான். "தம்பி, இது சிரிக்கிற எழுத்து. துக்கத்துக்கு ஆகாது" என்றேன். "எங்க தாத்தாவும் அப்படித்தான்க்கா, கடைசி வரைக்கும் சிரிச்சிட்டேதான் கெடந்தாரு" என்றான். போட்டுக் கொடுத்தேன். போட்டோவில் தாத்தாவும் சிரிப்பு, கீழே எழுத்தும் சிரிப்பு. கச்சிதமாக இருந்தது. இசக்கி மட்டும் பிரிண்ட் எடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜூலை 6, ஞாயிறு

கடை லீவு. தலைக்குக் குளித்தேன். மீன் குழம்பு, கொஞ்சம் உப்பு.

அக்காவுக்கு போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஞாயிறு கூட்டம், சரி. சாயங்காலம் மறுபடி. எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் "அக்கா, பாத்தியா?" என்று அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

இது அக்கா இல்லை. அக்கா போனை எடுத்தால் முக்கால் மணி நேரம். நடுவில் வியாபாரமும் நடக்கும், "கோமதி, இருட்டி, இந்தா ஸார், அரை கிலோ, சூடா இருக்கு, ஆங், சொல்லு" என்று. எதிர்முனையில் நாம் காய் நறுக்கி முடித்திருப்போம். அப்படிப்பட்டவள் இரண்டு போனை விட்டால் என்ன அர்த்தம்?

இசக்கி சொல்வது: "சர்ப்ரைஸ் ஆயிட்டாவ போல."

ஜூலை 7, திங்கள்

அத்தான் வந்தார். அக்கா வீட்டுக்காரர். ஆய்க்குடியில் வயல், வீடு, கடைக்கும் மாட்டுக்கும் நடுவில் ஓடுகிறவர். உரம் வாங்கத் தென்காசி வந்தாராம். டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி டீ வரை உரத்தைப் பற்றியே பேசினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு,

"அவ கோவமா இருக்கா."

"யார் மேல?"

"உன் மேலதான். என் மேலன்னா நான் இங்கன வந்து டீயா குடிச்சிட்டு இருப்பேன்? வீட்ல இருந்துல்லா வாங்கிட்டு இருப்பேன்."

"எதுக்கு அத்தான்?"

"எனக்கென்ன தெரியும்? கேட்டா இன்னும் கோவப்படுவா. 'அவ எழுத்துக்கு எம்பேர வச்சிருக்காளாம்'னு ஒரு தடவ சொன்னா. பொறவு ஒரு பீங்கான் ஒடஞ்சிச்சு. தானா விழுந்துட்டுன்னா."

புரிந்துவிட்டது. அருணாசலம் அண்ணாச்சி! குண்டு குண்டாக அவளைப் போலவே என்று வரிசை முழுக்கச் சொல்லியிருப்பார். அந்த மனுஷனுக்கு வாய் ஐந்தருவிதான், எந்தப் பக்கம் அடைத்தாலும் இன்னொரு பக்கம் கொட்டும்.

ஐயோ. அக்கா தன்னைத் தானே குண்டு என்று சொல்லிச் சிரிப்பாள். ஆட்டோவில் ஏறினால் "லே, அந்தப் பக்கம் ஒரு கல்லு வையி" என்பாள். ஆனால் அது அவள் சொன்னால். ஃபாண்டுக்குப் பெயர் வைத்து, பக்கத்தில் தடிமன் என்று அர்த்தம் வரும் போல்டையும் போட்டு, பத்தடிக்குப் பிரிண்ட் போட்டு ஊரெல்லாம் மாட்டினால் யாருக்குத்தான் பொறுக்கும்? என் புத்தியை என்னவென்று சொல்ல!

மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மாமன்மார் பேனரில் ஒரு மாமாவை இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

தீர்மானம்: அக்காவை ஒல்லியாக்குவது.

காலை முழுக்க அதே வேலை. எல்லா எழுத்தின் தொப்பையையும் கரைத்தேன். ப எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. ழ காலை மடக்கிக்கொண்டது. சிரிப்பு போய்விட்டது, பத்தியச் சாப்பாடு சாப்பிட்டவர்கள் வரிசையில் நிற்பதைப் போல இருக்கிறது. பரவாயில்லை. புதுப் பெயர்: மாடத்தி ஒல்லி.

இசக்கி: "மதினிய ஒல்லியாக்க டாக்டரே மூணு வருசம் பாத்துட்டு விட்டுட்டாரு. நீ ஒரு நாள்ல முடிச்சிட்ட."

சிரிக்கவில்லை நான். 'மாடத்தி கடை' என்று ஒல்லி எழுத்தில் நல்ல போர்டு ஒன்று, தடிமனான ஃபிளெக்ஸில், நான்கு மூலையும் வளையம் அடித்துப் போட்டேன். அத்தானை வரச் சொல்லிக் கொடுத்து அனுப்பினேன். அவர் அதைப் பாம்பைத் தூக்குவதைப் போலத் தூக்கிக்கொண்டு ஆய்க்குடி பஸ்ஸில் ஏறினார்.

ஜூலை 10, வியாழன்

வெயில். அதிசயம். கொடியெல்லாம் மொட்டைமாடிக்கு.

அத்தான் போன்.

"போர்டு வந்திச்சு."

"என்ன சொன்னா?"

"ரம்புட்டான் கூடைக்கு அடியில விரிச்சிருக்கா. நல்லா தண்ணி ஒழுகாம இருக்குன்னு சொல்லச் சொன்னா."

"வேற?"

"வேற என்ன சொன்னான்னு சொன்னா நீ அழுவ. வைக்கட்டா?"

வைத்துவிட்டார். அவர் சொல்லாமலே அழுதேன். கடையில் பூப்புனித நீராட்டு விழாவுக்கு ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. மை நெடி கண்ணில் பட்டுவிட்டது என்றேன். அந்த அம்மாள் கைக்குட்டை எடுத்துத் தந்தாள். நல்லவள்.

யோசித்துப் பார்க்கிறேன். ஒல்லி போர்டும் பிடிக்கவில்லை. ஒல்லி எழுத்தில் எழுதி அனுப்பினால் 'நீ குண்டு' என்று இரண்டாம் தடவை சொன்னதாகத்தானே ஆகும்? அட மடச்சி.

ஜூலை 11, வெள்ளி

நன்றாகத் தூங்கினேன், தெளிவு வந்துவிட்டது. பிரச்சினை பெயர். ஆகவே பெயரையே எடுத்துவிட வேண்டும். குண்டுப் பட்டம் என் தலையிலேயே இருக்கட்டும். மாடத்தி போல்டை அழித்து, கோமதி போல்டு என்று மாற்றிவிட்டேன். தியாகம்! சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன்: "அனைவருக்கும் வணக்கம். ஐந்தருவி போர்டு எழுத்தின் பெயர் இன்று முதல் கோமதி போல்டு."

பெரியத்தை: வாழ்த்துகள் கோமதி.
மும்பைச் சித்தப்பா: கைதட்டல் படம், ஆறு.
யாரோ ஒரு மச்சான்: நமது குடும்பத்துக்கே பெருமை.
பிறகு: மாடத்தி அக்கா குழுவிலிருந்து வெளியேறினார்.

இரண்டே நிமிடத்தில் போன். அக்கா! இந்தக் கோபத்துக்குப் பிறகு முதல் தடவை. எடுத்தேன். பின்னால் அருவிச் சத்தம், வாணலிச் சத்தம்.

"எம்பேரையும் எடுத்துட்டியாட்டி?"

வைத்துவிட்டாள்.

பெயரை வைத்ததற்குக் கோபம். எடுத்ததற்கும் கோபம். ஆக, கோபம் பெயருக்கு இல்லை. அப்படியானால் எதற்கு? இசக்கியிடம் கேட்டேன்.

"நேர்ல போயி கேளு."

"நீங்களும் வாங்க."

"எனக்கு மெஷின் இருக்கு" என்றார். மெஷின் ஆஃப் ஆகி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

ஐந்தருவி போய் வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும், கூட்டிக் குறைக்காமல்.

நல்ல தண்ணீர். கூட்டத்தை அருவிப் பக்கம் விடவில்லை. குளிக்க முடியாத ஜனமெல்லாம் தோளில் துண்டோடு கடைப் பக்கம் நின்றது. அக்கா கடையைத் தேடிப் போனேன்.

கண்டுபிடிக்க முடியவில்லை.

இருபது வருடமாகப் போகிற கடை. வளைவு திரும்பினாலே அட்டைப் போர்டு கண்ணில் படும். அதைப் பார்த்து நேரே போய்விடுவேன். இன்று வளைவு திரும்பியதும் வரிசை முழுக்க அதே எழுத்து. மஞ்சளில் சிவப்பு, வெள்ளை ஓரம், தொப்பை, உருண்டை. பதின்மூன்று கடை. ஒரு தடவை வரிசையைக் கடந்து கடைசி வரை போய்விட்டேன். திரும்பி வரும்போதும் தாண்டிவிட்டேன். கடைசியில் ஒரு பூக்காரம்மாவிடம், "மாடத்தி கடை எது?" என்று கேட்டேன். நான்! என் அக்கா கடையை!

"எல்லாம் ஒண்ணுபோலல்லா இருக்கு. எனக்கே கொழம்புது" என்றாள்.

அப்போது மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று என்னைத் தாண்டிப் போனது. பாட்டம்மா, பிள்ளைகள், பெரிய பை. வீட்டுக்காரர் கையை நீட்டி, "இதான்டி, போன வருசம் வாங்குன குண்டெழுத்துக் கடை. அந்த அக்கா சிப்ஸ் சூப்பரா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அருணாசலம் அண்ணாச்சி கடைக்குள் நுழைந்தார்.

இரண்டு கடை தள்ளி, கையில் ஜல்லிக்கரண்டியோடு ஒருத்தி அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதுதான் அக்கா. கடை முன்னால் அவளுடைய அட்டை, மழையில் ஓரம் ஊறி. அத்தனை பிரிண்டுக்கு நடுவில் அதுதான் போலி மாதிரி இருந்தது.

போய் நின்றேன்.

"அக்கா."

"கால் கிலோவா, அரை கிலோவா?"

"அக்கா, நான்தான்."

"ஆளு தெரியுது. என்ன வேணும்னுதான் கேக்கேன்."

குண்டு என்று அண்ணாச்சி சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், அதையே ஒப்பித்தேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"குண்டா இருக்கேன், குண்டுன்னு சொல்லுதாரு. எங்க வீட்லயும் கண்ணாடி இருக்கு. அதுக்கா நான் கோவப்படுதேன்? ஏட்டி, முந்தாநாள் ஒரு பொம்பள வந்தா. நல்லா படிச்ச பொம்பள, கண்ணாடி போட்டுக்கிட்டு. என் போர்டப் பாத்துட்டு, 'ஏங்க, எல்லாரும் பிரிண்ட் போட்டிருக்காங்க, நீங்க மட்டும் அதப் பாத்து காப்பி அடிச்சு எழுதியிருக்கீங்களா? அவ்வளவு சரியா வரல'ன்னா. எனக்கு என் எழுத்து சரியா வரலையாம்! நான் என்னையப் பாத்து காப்பி அடிச்சேனாம்!"

ஊறியிருந்த அட்டையின் ஓரத்தை நிமிர்த்தப் பார்த்தேன்.

"எல்லாரும் சிப்ஸ்தான் போடுதாவ. அதே எண்ண, அதே மரச்சீனி. என் எழுத்தப் பாத்துதான் வருசா வருசம் ஆளு தேடி வந்தாவ. அத எடுத்து வரிசைக்கே வித்துட்ட. ஒவ்வொரு போர்டுக்கு அடியிலயும் பொடி எழுத்துல உன் கடை பேரு, போன் நம்பரு போட்டிருக்கே. எம்பேரு எங்க? உன் கம்ப்யூட்டருக்குள்ள. சரி, அங்கயாச்சும் கெடக்குன்னு இருந்தேன். அதையும் அழிச்சிட்டு உன் பேர வச்சிக்கிட்ட. ஒரு வார்த்த கேட்டியாட்டி நீ?"

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான்க்கா…"

"பொய் சொல்லாத."

பொய்தான். இங்கே எழுதலாம், யாரும் பார்க்கப் போவதில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். வேண்டாம் என்றால் அந்த எழுத்தை விட மனசு வராது. அதனால்தான் கேட்கவில்லை. பதினோரு மாதம் வரைந்தேன், அதில் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. சர்ப்ரைஸ் என்பது இசக்கிக்குச் சொன்ன சாக்கு, பிறகு எனக்கே சொல்லிக்கொண்டது. அக்காவின் பொருளை எடுத்தேன். அவ்வளவுதான்.

அழுகை வந்துவிட்டது. கடை வாசலிலேயே, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அக்கா ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தாள்.

"வாசல்ல நின்னு அழாத. சிப்ஸு நமத்துப் போச்சு போலன்னு நெனப்பாவ. போ."

பஸ்ஸில் தின்றுகொண்டே வந்தேன். நமத்திருக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

பரிகாரம் 1: பெயரை மறுபடி மாடத்தி போல்டு ஆக்கினேன்.
பரிகாரம் 2: இனி யார் கேட்டாலும் அந்த எழுத்து இல்லை. மாலையில் ஒரு அல்வாக்கடைக்காரர் கேட்டார். வைரஸ் வந்து அழிந்துவிட்டது என்றேன். நல்ல அல்வா கொண்டுவந்திருந்தார், பாவம்.
பரிகாரம் 3: பதின்மூன்று கடைக்கும் போன் போட்டு, வேறு எழுத்தில் புதுப் போர்டு சும்மாவே அடித்துத் தருகிறேன், இதைக் கழற்றுங்கள் என்றேன்.

மூன்றாவது தோல்வி. முழுத் தோல்வி. எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்: "அண்ணாச்சி மாத்துனாருன்னா நானும் மாத்துதேன்." அண்ணாச்சிக்கு அடித்தேன். "வரிசையே மாத்தட்டும்மா, நான் கடைசியா மாத்துதேன். நான் மட்டும் தனியா தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?" என்றார்.

தனியாகத் தெரிவதற்குத்தானே ஐயா போர்டு! கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் இத்தனை வருடம் அவர்கள் கேட்டபடி ஒரே மாதிரி அடித்துக் கொடுத்தே பிழைத்தவள் நான். யாரைத் திட்ட?

ஜூலை 16, புதன்

பலத்த மழை. பதினோரு மணி இருக்கும். ஆய்க்குடி பஸ்ஸிலிருந்து இறங்கி, குடையைக் கடை வாசலில் உதறிவிட்டு அக்கா உள்ளே வந்தாள். இசக்கி எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்க மதினி. காப்பி சொல்லட்டா?"

"சொல்லுங்க. அவளுக்கு வேண்டாம்."

என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "காட்டு" என்றாள். எல்லா எழுத்தையும் வரிசையாகத் திரையில் விரித்தேன். வெகுநேரம் பார்த்தாள். தன் கல்யாண ஆல்பத்தைக்கூட இப்படி உற்றுப் பார்த்து நான் கண்டதில்லை.

"இந்த ஞ நான் இல்ல."

"உன் போர்டுல ஞ கெடைக்கலக்கா. நானா போட்டேன்."

"நானா இருந்தா இப்படியா வயித்த எக்கிட்டு நிக்கும்? பேனாவக் குடு."

டேப்லெட்டில் ஒரே இழுப்பில் ஒரு ஞ போட்டாள். பதினோரு மாதமாக எனக்கு வராத ஞ. பார்த்ததும் இசக்கிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இது என்னதுட்டி?"

"ஙூ."

"எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. யாரும் எழுத மாட்டாவ."

"யாரும் எழுதாதத எம்பேருல போட்டு வச்சிருக்கியே" என்றாள். ஆனால் குரலில் சூடு குறைந்திருந்தது. காப்பி வந்ததும் பாதியை பிளாஸ்க் மூடியில் ஊற்றி என் பக்கம் தள்ளினாள்.

பிறகு தோள் பையிலிருந்து அட்டைகள் எடுத்தாள். பத்து அட்டை, ஒரு தடி மார்க்கர்.

"நான் ரோசிச்சிப் பாத்துட்டேன். என் எழுத்து போனது போச்சு. பதிமூணு கடையில தொங்குது, இனி அத எனக்கு எழுதி என்ன? அத நீயே வச்சுக்க, எம்பேரோட. பதிலுக்கு உன் எழுத்தக் குடு."

"என் எழுத்தா?"

"உன் கையெழுத்து. கம்ப்யூட்டர் இல்ல. கையால."

இசக்கி காப்பியைத் துப்பிவிட்டார். ஏனென்றால் என் கையெழுத்து ஊர் அறிந்தது. டிசைனர் என்றுதான் பெயர், பேனாவால் நான் எழுதினால் மருந்துக்கடைக்காரர்கூட யோசிப்பார். பத்தாம் வகுப்பில் தமிழம்மா என் நோட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, இதுவே பரவாயில்லை என்றார். இந்த டைரியையே மூன்று மாதம் கழித்து என்னால் படிக்க முடிவதில்லை.

"அக்கா, அது கோழி கிண்டுன மாதிரில்லா இருக்கும்!"

"இருக்கட்டும். ஐந்தருவில அது மாதிரி யார்ட்டயும் இல்லல்லா?"

எழுதினேன். முதல் அட்டை, 'மாடத்தி கடை'. கை விறைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நேராக எழுதப் பார்த்தேன். அக்கா வாங்கிப் பார்த்து ஒதுக்கி வைத்தாள். இரண்டாவது கொஞ்சம் தேவலை என்று எனக்குத் தோன்றியது. அதையும் ஒதுக்கினாள்.

"நல்லா எழுதப் பாக்காத. உனக்கு வர்ற மாதிரி எழுது."

ஏழாவது அட்டையில் கை சோர்ந்து, எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, கடைசி எழுத்தான டை கீழே விழுந்துகொண்டிருந்தது. "இது" என்றாள் அக்கா. மடியில் வைத்துக்கொண்டு தடவிப் பார்த்தாள். "எட்டாப்புல எனக்கு லீவு லெட்டர் எழுதிக் குடுத்தியே, வாத்தியாரு புடிச்சிட்டாரே, அதே கை. மாறவே இல்ல" என்றாள். நான்காம் வகுப்புப் பிள்ளை நான் அப்போது. மறந்தே போயிருந்தது எனக்கு.

மிச்ச அட்டைகளில் மங்குஸ்தான், மரச்சீனி, குரங்கு. எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தேன். பஸ் ஏறும்போது, "ஞாயித்துக்கெழம வா" என்றாள். வருகிறாயா என்று கேட்கவில்லை. வா என்றாள்.

ஜூலை 20, ஞாயிறு

சாரல், இடையே சூரியன், நல்ல சீசன் நாள். இசக்கியும் வந்தார், இந்த முறை மெஷின் இல்லை.

வளைவு திரும்பியதும் தெரிந்துவிட்டது. பதின்மூன்று கடைகளும் உருண்டையாகச் சிரித்துக்கொண்டிருக்க, நடுவில் ஒரு கடையில் மட்டும் எழுத்து படிக்கட்டில் உருண்டு விழுந்த மாதிரி. வெட்கமாக இருந்தது. கண்ணை எடுக்கவும் முடியவில்லை. கடை முன்னால் கூட்டம். இரண்டு காலேஜ் பிள்ளைகள் 'குரங்கு இருக்கு, பையைப் பிடி' போர்டோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் நிஜக் குரங்கு ஒன்று அவர்கள் பையைத் திறந்துகொண்டிருந்தது.

ஒருத்தர், திருப்பூர்க்காரர் போல, போர்டைக் காட்டி அக்காவிடம், "ஏனுங்க, இது சின்னப் புள்ளைங்க எழுதுனதுங்களா?" என்று கேட்டார்.

"எந்தங்கச்சி எழுதுனா" என்றாள் அக்கா, கூட்டத்துக்கே கேட்கிற குரலில். "தென்காசில பெரிய டிசைனராக்கும்."

அந்த மனிதர் என்னையும் பார்த்தார், போர்டையும் பார்த்தார், அரை கிலோ வாங்கிக்கொண்டு போனார். இசக்கி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. எனக்குக் கண் கரித்தது. புகைதான் என்று சொல்ல யாரும் கேட்கவில்லை.

பொட்டலம் மடிக்க உட்கார்ந்தேன். பத்து நிமிடம் இருக்கும். அருணாசலம் அண்ணாச்சி கைகளைத் துடைத்துக்கொண்டே தன் கடையிலிருந்து வந்து, எங்கள் போர்டை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னிடம் குனிந்து, குரலைத் தாழ்த்தி,

"கோமதி, எனக்கும் உன் கையால ஒண்ணு எழுதிக் குடேம்மா."

"அந்த எழுத்த அக்காவுக்குக் குடுத்துட்டேன் அண்ணாச்சி. அவகிட்டதான் கேக்கணும்."

அண்ணாச்சி அக்காவைப் பார்த்தார். அக்கா வாணலியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தரமாட்டேன்" என்றாள்.